பட்டமும் பறவையும்

சனவரி மாதத்தின் நடுவில் ஐதராபாத் நகரம் மொட்டைமாடிக்கு ஏறிவிடுகிறது. சார்மினாரை அடுத்த குல்சார் ஹவுஸ் கடைகளிலும் தூல்பேட்டையின் சந்துகளிலும் வண்ண வண்ணப் பட்டங்கள் அடுக்கடுக்காகத் தொங்குகின்றன. சிகந்தராபாத்தின் பத்மராவ் நகரிலோ மல்காஜ்கிரியிலோ குடியிருக்கும் தமிழ்க் குடும்பத்தில் காலையில் பானை பொங்குகிறது. ‘பொங்கலோ பொங்கல்’ என்னும் குரல் அடங்குவதற்குள் பிள்ளைகள் மாடிக்கு ஓடிவிடுகின்றனர். அங்கே அடுத்த வீட்டுத் தெலுங்குப் பிள்ளைகள் சங்கராந்திப் பட்டத்தோடு காத்திருக்கின்றனர். பொங்கலன்று கரும்பையும் மஞ்சள் கொத்தையும் மட்டுமே கண்டு வளர்ந்த தாத்தாக்களுக்கு இந்தக் காட்சி இன்றும் சற்றுப் புதுமையானதுதான். பேரப்பிள்ளைகளுக்கோ பட்டமில்லாத பொங்கல் பொங்கலே அன்று.

அதே சனவரி 14 அன்று வேறொன்றும் தொடங்குகிறது. இந்திய விலங்கு நல வாரியம் ஆண்டுதோறும் அந்நாளில் தொடங்கி, மாத இறுதி வரை விலங்கு நல இருவாரத்தைக் கடைப்பிடிக்கச் செய்கிறது. பள்ளிகளுக்கும் மாநில அரசுகளுக்கும் சுற்றறிக்கை வருகிறது. ஓவியப் போட்டி, பேச்சுப் போட்டி, கால்நடை மருத்துவ முகாம் முதலியன நடைபெறுகின்றன. தெலுங்கர் கனுமா என்றும் தமிழர் மாட்டுப் பொங்கல் என்றும் கொண்டாடும் நாள் இந்த இருவாரத்துக்குள்தான் வருகிறது. ஆயினும் ஐதராபாத்தைப் பொறுத்தவரை, அந்நாள்களில் மிகுதியாகத் துன்புறுவது மாடு அன்று, பறவை.

பட்டப்போட்டியில் எதிராளியின் நூலை அறுப்பவரே வென்றவர். ஆகவே நூலுக்குக் கூர்மை ஏற்றும் கலை நெடுங்காலமாகவே உண்டு. கண்ணாடியை நுண்ணிய தூளாக இடித்துப் பசையோடும் சாயத்தோடும் கலந்து பருத்தி நூலில் பூசிக் காயவைப்பர். இதுவே மாஞ்சா. பருத்தி மாஞ்சாவும் காயம் செய்வதே. எனினும் அது இழுத்தால் அறும், மழையிலும் வெயிலிலும் நைந்துபோகும். பின்னர் வந்தது நைலான் போன்ற செயற்கை இழை. சீன மாஞ்சா என்பது அதன் கடைத்தெருப் பெயர். நம் நாட்டிலும் அது செய்யப்படுகிறது. எளிதில் அறாமையும் மலிவான விலையும் வாங்குவோரைக் கவர்ந்தன. அறாத அந்தத் தன்மைதான் பறவைக்குக் கூற்றுவன் ஆகிறது. பறக்கும் பறவையின் கண்ணுக்கு மெல்லிய இழை தென்படுவதில்லை. சிறகில் நூல் சுற்றிக்கொண்டதும் அது திமிறுகிறது. திமிறத் திமிற நூல் தசைக்குள் இறங்குகிறது. மெக்கா மசூதி முற்றத்துப் புறாக்கள் முதல் நகரின் மேல் வட்டமிடும் பருந்துகள், அந்தியில் புறப்படும் ஆந்தைகள் வரை இதற்குத் தப்புவன இல்லை.

மனிதரும் தப்பவில்லை. 2024-ஆம் ஆண்டு சங்கராந்தியின்போது லங்கர் ஹவுஸ் பகுதியில் இருசக்கர வண்டியில் சென்ற இராணுவ வீரர் ஒருவர், குறுக்கே கிடந்த மாஞ்சா கழுத்தை அறுத்ததால் உயிரிழந்தார். தெலங்கானா அரசு 2016-ஆம் ஆண்டிலேயே இத்தகைய நூலைத் தடை செய்திருந்தது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயமும் 2017 சூலை 11 அன்று செயற்கை இழை மாஞ்சாவை நாடு முழுவதும் தடை செய்தது. எனினும் ஒவ்வோர் ஆண்டும் சனவரியில் காவல்துறையினர் கடைகளிலும் கிடங்குகளிலும் சோதனை நடத்தி மாஞ்சாக் கண்டுகளைக் கைப்பற்றியவண்ணமே உள்ளனர். வாங்குவோர் இருக்கும்வரை விற்போரும் இருப்பர் போலும்.

விலங்கு நலத்துக்கு வாரியம் ஒன்று எப்படி ஏற்பட்டது? அதற்கு மதுரையில் பிறந்த ஒரு பெண்மணியின் வரலாற்றை அறிதல் வேண்டும்.

ருக்மிணி தேவி அருண்டேல் 1904-ஆம் ஆண்டு பிப்ரவரி 29 அன்று பிறந்தார். பரதநாட்டியத்துக்குப் புதுவாழ்வு அளித்தவர்களுள் ஒருவராகவும், 1936-இல் சென்னை அடையாற்றில் கலாஷேத்திராவை நிறுவியவராகவும் அவரை நாடு அறியும். ஆனால் அவர் தம் வாழ்நாளில் நடனத்துக்குச் செலவிட்ட அக்கறைக்குக் குறையாத அக்கறையை வாயில்லாச் சீவன்களுக்காகவும் செலவிட்டார். 1952-இல் அவர் மாநிலங்களவையின் நியமன உறுப்பினர் ஆனார். நடனக் கலைஞர் ஒருவர் அவையில் கலையைப் பற்றிப் பேசுவார் என்றே பலரும் எதிர்பார்த்திருப்பர். அவரோ, விலங்குகளை வதைப்பதைத் தடுக்கும் மசோதா ஒன்றைத் தனி உறுப்பினர் என்னும் முறையில் கொண்டுவந்தார்.

அதற்கு முன்பு சட்டமே இல்லை என்று கூற இயலாது. ஆங்கிலேயர் ஆட்சியில் 1890-ஆம் ஆண்டு இயற்றப்பட்ட சட்டம் ஒன்று இருந்தது. அது இக்காலத்துக்குப் போதாது என்பதே ருக்மிணி தேவியின் வாதம். பிரதமர் சவகர்லால் நேரு அவருடைய நோக்கத்தை மதித்தார். ஆயினும் மசோதாவைத் திரும்பப் பெறுமாறு வேண்டினார். இப்பொருளை ஆராய்ந்து அரசே விரிவான சட்டம் கொண்டுவரும் என்று உறுதியளித்தார். இத்தகைய உறுதிமொழிகள் கோப்புகளுக்குள் உறங்கிப்போவது உலக வழக்கம். இது உறங்கவில்லை. குழு அமைக்கப்பட்டது, 1960-இல் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் நிறைவேறியது, அச்சட்டத்தின்படி 1962-இல் இந்திய விலங்கு நல வாரியம் அமைந்தது. அதன் முதல் தலைவர் ருக்மிணி தேவியே. வாரியத்தின் தலைமையகமும் நெடுங்காலம் சென்னையில்தான் இருந்தது. இப்போது அது அரியானா மாநிலத்தின் பல்லப்கரில் உள்ளது. 1977-இல் குடியரசுத் தலைவர் பதவிக்குப் போட்டியிடுமாறு பிரதமர் மொரார்ஜி தேசாய் அழைத்தபோது மறுத்துவிட்ட அவர், 1986-இல் மறையும்வரை விலங்கு நலப் பணியை விடவில்லை.

அச்சட்டம் விலங்கு என்பதற்குத் தரும் விளக்கம் எளியது: மனிதர் அல்லாத எவ்வுயிரும் விலங்கே. ஆகவே யானையைப் போலவே சிட்டுக்குருவியும் அதில் அடங்கும். அடித்தல், உதைத்தல், அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றுதல், அசைய இடமில்லாத கூண்டில் அடைத்தல், உணவும் நீரும் நிழலும் தராதிருத்தல், வளர்த்த விலங்கை வீதியில் கைவிடுதல் ஆகியன குற்றங்கள். அச்சட்டத்தின்கீழ் 1965-இல் வந்த விதிகள், வண்டி இழுக்கும் விலங்குகளை ஒரு நாளில் 9 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கலாகாது, ஓய்வின்றித் தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கலாகாது என்கின்றன. வெப்பம் 37 பாகையைத் தாண்டும் இடங்களில் நண்பகல் 12 மணி முதல் 3 மணி வரை அவற்றை வண்டியில் பூட்டுதலும் கூடாது. ஐதராபாத்தின் ஏப்ரல், மே மாத வெயிலை அறிந்தோர்க்கு இவ்விதியின் அருமை விளங்கும். மாட்டுப் பொங்கலன்று மாட்டை ஏரிலோ வண்டியிலோ பூட்டாத உழவர் வழக்கத்தை எண்ணிப் பார்த்தால், ஓராண்டில் ஒரு நாளுக்கு ஊர் தந்த ஓய்வைச் சட்டம் ஒவ்வொரு நாளுக்கும் நீட்டியது எனலாம்.

ஆனால் சட்டத்தில் ஒரு பெருங்குறை உண்டு. முதல் முறை குற்றம் செய்தவருக்கு அது விதிக்கும் தண்டம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரைதான். 1960-இல் ஐம்பது ரூபாய் சிறு தொகை அன்று. இன்றோ அது ஒரு நல்ல பட்டத்தின் விலைக்கு ஈடாகுமா என்பதே ஐயம்.

சட்டம் தில்லியில் உருவாகிக்கொண்டிருந்த காலத்தில் சென்னைத் தெருவில் மற்றொரு தொடக்கம் நிகழ்ந்தது. விமானி கேப்டன் வி. சுந்தரம், மழை வெள்ளத்தில் தத்தளித்த நாய்க்குட்டிகளைக் காப்பாற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தார். அவருடைய மனைவி உஷா சுந்தரமும் விமானியே. இந்தியாவின் முதற்பெண் விமானிகளுள் ஒருவர். அவ்வீட்டில் 1959-இல் தொடங்கிய பணியே இந்திய நீலச் சிலுவைச் சங்கமாக வளர்ந்தது. தெருநாய்களைக் கொன்று தீர்ப்பதே அந்நாளைய நகராட்சிகளின் வழி. கொன்றாலும் நாய்களின் தொகை குறைவதில்லை என்பதைக் கண்ட சங்கத்தினர், 1964 முதல் நாய்களுக்குக் கருத்தடை அறுவை செய்து, வெறிநோய்த் தடுப்பூசியும் இட்டுப் பிடித்த இடத்திலேயே விட்டனர். இதனைச் சென்னை மாநகராட்சி ஏற்றுக்கொள்வதற்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆயின. நாடு முழுமைக்குமான விதிகள் 2001-இல் வந்தன. 2023-இல் அவை புதுக்கப்பட்டன.

இவ்விரு நீரோடைகளும் ஐதராபாத்தை வந்தடைந்த விதம் குறிப்பிடத்தக்கது. ருக்மிணி தேவி உயிரோடு இருந்த காலத்திலேயே கலாஷேத்திராவில் சேர்ந்து பரதநாட்டியத்தில் பட்டம் பெற்றவர் அமலா. வங்காளத் தந்தைக்கும் அயர்லாந்துத் தாய்க்கும் பிறந்த அவரைத் தமிழ்த் திரையுலகம் முதலில் அறிந்தது. பின்பு தெலுங்குத் திரையுலகமும் அறிந்தது. நடிகர் நாகார்ஜுனாவை மணந்து ஐதராபாத்தில் குடியேறிய அவர், 1992-இல் ஐதராபாத் நீலச் சிலுவைச் சங்கத்தைக் கணவரோடு இணைந்து தொடங்கினார். சூபிலி ஹில்ஸ் பகுதியில் அமைந்த அதன் மருத்துவமனைக்கு அடிபட்ட நாய்கள், பூனைகள், கழுதைகள், மாடுகள் வருகின்றன. சனவரி மாதத்தில் மாஞ்சா அறுத்த பறவைகள் வருகின்றன. சென்னையிலிருந்து பிழைப்புக்காக வந்த பலரும் தத்தம் ஊர்ச் சுவையையும் பேச்சையும் உடன் கொண்டுவந்தது போல, அவர் இந்தப் பழக்கத்தையும் உடன் கொண்டுவந்தார் எனலாம்.

விலங்குகளுக்கென ஒரு நாளைக் குறிக்கும் வழக்கம் இந்தியாவுக்கு மட்டும் உரியது அன்று. செருமனியில் நாய்கள் பற்றிய இதழ் ஒன்றை நடத்திய ஐன்ரிக் சிம்மர்மன் என்பவர், 1925 மார்ச் 24 அன்று பெர்லின் நகரில் முதல் விலங்கு நாளை நடத்தினார். ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் கூடினர். அவர் முதலில் விரும்பிய நாள் அக்டோபர் 4. பறவைகளையும் விலங்குகளையும் உடன்பிறப்புகளாகக் கருதிய அசிசி நகரத்துத் துறவி பிரான்சிசின் நினைவு நாள் அது. அன்று மண்டபம் கிடைக்காமையால் மார்ச் மாதத்துக்கு மாற்றினார். 1929-இல்தான் தாம் விரும்பிய நாளில் நடத்த முடிந்தது. 1931-இல் இத்தாலியின் புளோரன்சு நகரில் கூடிய விலங்குப் பாதுகாப்பு மாநாடு அக்டோபர் 4-ஐ உலக விலங்கு நாளாக ஏற்றது. மண்டபத்துக்காகக் காத்திருந்த அம்மனிதரின் பொறுமை இன்று பல நாடுகளில் விழாவாகியுள்ளது.

பின்னர் நாள்கள் பெருகின. மார்ச் 20 உலகச் சிட்டுக்குருவி நாள். நாசிக் நகரைச் சேர்ந்த முகமது திலாவரின் முயற்சியால் 2010-இல் தொடங்கியது. ஆகத்து 12 யானைகளுக்கு உரியது. திசம்பர் 10 மனித உரிமை நாள் என்பதை அனைவரும் அறிவர். அதே நாளை விலங்கு உரிமை நாளாகக் கொள்வோரும் உளர். உரிமை என்னும் சொல்லை மனிதரோடு நிறுத்திக்கொள்ள வேண்டுமா என்னும் வினாவை எழுப்பவே அவர்கள் அந்நாளைத் தேர்ந்தனர்.

இவற்றுள் செப்டம்பர் 28 சற்று வேறுபட்டது. வெறிநோய்த் தடுப்பூசியைக் கண்டறிந்த லூயி பாஸ்டர் 1895-இல் மறைந்த நாள் அது. அதுவே உலக வெறிநோய் நாளாக விளங்குகிறது. நீலகிரி மாவட்டத்துக் குன்னூரில் 1907-இல் அவர் பெயரால் நிறுவப்பட்ட பாஸ்டர் நிறுவனம் தென்னிந்தியாவுக்கு இம்மருந்தை வழங்கிவந்தது. தெருநாய்களுக்கு அஞ்சும் குழந்தைகளின் அச்சம் பொய்யன்று. நாய்க்கடியால் ஐதராபாத்தில் உயிர்கள் போனதும் உண்டு. நாயிடம் அன்பு காட்டுவோர் இதனை மறைத்துப் பேசுதல் தகாது. தடுப்பூசி இடப்பட்ட நாய் மனிதருக்கும் காப்பு என்பதே இரு சாராரும் ஒப்பக்கூடிய இடம். கடித்த இடத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிய பின், சிறிதும் தாழ்த்தாமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மஞ்சள், மிளகாய்ப்பொடி முதலியவற்றை அப்புதல் தீங்கு.

நாள் குறிப்பதால் என்ன பயன் என்று கேட்போரும் உளர். மயிலுக்குப் போர்வை அளித்த பேகனைக் கண்டுகூடச் சிலர் நகைப்பதுண்டு. மயிலுக்குப் போர்வை எதற்கு என்பர். தேவையை ஆராயாத இரக்கம் என்பது அவர்கள் கருத்து. அக்கருத்தை முற்றிலும் தள்ளிவிட முடியாது. காயமுற்ற பறவையைக் கண்டவுடன் அதன் வாயில் நீரை ஊற்றுவோர் உண்டு. நீர் மூச்சுக்குழலில் புகுந்து பறவை இறந்துவிடக்கூடும். நூலைப் பிடித்து இழுப்போரும் உண்டு. அது காயத்தை ஆழமாக்கும். பறவையைச் சுற்றியுள்ள நூலைச் சற்றுத் தொலைவில் கத்தரித்து, மெல்லிய துணியால் போர்த்தித் தூக்கி, காற்றுத் துளைகள் இட்ட அட்டைப்பெட்டியில் வைத்து மூடுவதே முறை. இருளில் பறவை அமைதி அடையும். எஞ்சிய நூலை அகற்றுவது கால்நடை மருத்துவரின் வேலை. இங்கும் ஒரு போர்வைதான் பறவைக்கு உதவுகிறது என்பது பேகனுக்கு மகிழ்ச்சி தரக்கூடும்.

பட்டம் விடுவதையே நிறுத்திவிட வேண்டும் என்று வாரியமும் கூறவில்லை. நீலச் சிலுவையினரும் கூறவில்லை. கூர்ப்பொருள் பூசாத பருத்தி நூலிலும் பட்டம் பறக்கும். அறுக்கும் ஆட்டம் சற்று மெதுவாகும், அவ்வளவே. பறவைகள் கூட்டைவிட்டுப் புறப்படும் விடியற்காலையிலும், கூடு திரும்பும் அந்தியிலும் வானத்தை அவற்றுக்கு விட்டுக்கொடுத்தால் போதும். நடுப்பகல் முழுதும் பிள்ளைகளுடையது.

பண்டிகை மூன்று நாள்களில் முடிந்துவிடுகிறது. பள்ளிகள் திறக்கின்றன. அறுந்த நூல்களோ வேப்பமரக் கிளைகளிலும் மின்கம்பிகளிலும் தண்ணீர்த் தொட்டிகளின் மூலைகளிலும் அப்படியே கிடக்கின்றன. பட்டம் இல்லாத வானத்திலும் பறவைகள் சிக்குவது இதனால்தான். மாத இறுதி வரை நீளும் இருவாரத்துக்கு இந்நகரில் வேலை இருப்பது அந்த எஞ்சிய நாள்களில். மாடியிலும் தெருவிலும் கைக்கு எட்டும் நூலைப் பிள்ளைகள் திரட்டலாம். உயர்ந்த மரங்களில் உள்ளதை எடுக்கப் பெரியவர்கள் வேண்டும். மின்கம்பியில் உள்ளதை மின்வாரியப் பணியாளரைத் தவிர எவரும் தொடலாகாது. திரட்டிய நூலைச் சுருளாகவே குப்பையில் எறிந்தால் அங்கே மேயும் மாட்டின் காலிலோ காக்கையின் காலிலோ சுற்றிக்கொள்ளும். அதனை விரல் நீளத் துண்டுகளாகக் கத்தரித்து, உறையில் இட்டுக் கட்டிய பின்பே குப்பைத்தொட்டியில் போடுகின்றனர்.

சொற்பொருள்

கூற்றுவன் – எமன்
தண்டம் – அபராதம்
பாகை – வெப்ப அளவு, டிகிரி
மாஞ்சாக் கண்டு – மாஞ்சா சுற்றிய நூலுருண்டை
சாரார் – பக்கத்தார்
தாழ்த்தாமல் – காலம் கடத்தாமல்

பயிற்சி

அ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. செயற்கை இழை மாஞ்சா பருத்தி மாஞ்சாவினும் கொடியது ஏன்?
2. ருக்மிணி தேவி தம் மசோதாவைத் திரும்பப் பெற்றது ஏன்? அதன் பின் நிகழ்ந்தவை யாவை?
3. சிம்மர்மன் அக்டோபர் 4-ஐ விரும்பியதற்குக் காரணம் யாது?

ஆ. ‘பட்டம்’ என்னும் சொல் இப்பாடத்தில் இரு பொருளில் வந்துள்ளது. அவ்விடங்களைக் கண்டறிந்து, ஒவ்வொரு பொருளிலும் சொந்தத் தொடர் ஒன்று அமைக்க.

இ. 50 ரூபாய் தண்டம் இன்று போதுமா? வகுப்பில் இரு அணிகளாகப் பிரிந்து உரையாடுக.

ஈ. மாட்டுப் பொங்கலைப் பற்றி வீட்டுப் பெரியவர்களிடமும், கனுமாவைப் பற்றித் தெலுங்கு பேசும் நண்பரிடமும் கேட்டறிந்து பத்து வரிகள் எழுதுக.